மாதம் தவறாமல் தொண்டை வலி: டான்சிலை எடுத்துவிடலாமா?

வாசகர் கடிதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வெள்ளிக் கொலுசுத் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். போன ஜூன் மாதத்திலிருந்து மாதம் தவறாமல் தொண்டை வலி. ஏற்காட்டில், கடிதம் எழுதிய தாயின் அம்மா வீடு இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அங்கே போனபோது, மலை ஏறிய மறுநாளே பையனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மலைக் குளிர்தான் காரணம் என்று முடிவு செய்து, தயிர், வாழைப்பழம், கொய்யா, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இந்த மே மாத விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஒரு மருத்துவர் "சதை பெரிதாக இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள்" என்கிறார். இன்னொருவர் பன்னிரண்டு வயது வரை பொறுக்கச் சொல்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஏ.எஸ்.ஓ. 400 என்று வந்திருக்கிறது. அதைப் பார்த்த ஒருவர், இது இதயத்தைப் பாதிக்கும், 21 நாளுக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும், குரலும் மாறிவிடும் என்பது மாமியாரின் பயம். உள்நாக்கைத் தூக்கிவிடும் ஒரு பாட்டியிடம் அழைத்துப் போகலாம் என்கிறார். கடிதத்தின் முடிவில் ஒரு வரி: "இரவில் வாயைத் திறந்துகொண்டு தினமும் குறட்டை விடுகிறான், நின்றிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்."

பதில்

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காமல் விட்ட அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறட்டையை முதலில் பார்ப்போம்

சளி பிடித்திருக்கும் நாலு நாள் ஒரு குழந்தை குறட்டை விட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. சளி இல்லாத நாளிலும், தினமும் விட்டால் அது கவனிக்க வேண்டிய விஷயம். வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரிகிற சதைதான் டான்சில். அதே வகைச் சதை மூக்குக்குப் பின்னால், அண்ணத்துக்கு மேலே இன்னொன்று இருக்கிறது. அதன் பெயர் அடினாய்டு. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் அது தெரியாது. மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை இவை இரண்டுமே பெரிதாக இருக்கும். அந்த வயதில் மூச்சுப் பாதையோ குறுகலானது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் அந்தப் பாதையைத் திறந்து பிடித்திருக்கின்றன. தூங்கும்போது தசை தளர்கிறது, பாதை அடைபடுகிறது. மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு உடம்பை உலுக்கிக்கொண்டு திணறலோடு திரும்புகிறது. இரவு முழுக்க இப்படியே நடந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அந்தக் குழந்தை தூங்கவில்லை என்றுதான் பொருள்.

காலையில் எழுப்பப் படாத பாடு படுவது, தலைவலி என்பது, வகுப்பில் கவனம் சிதறுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, உடம்பு தேறாமல் இருப்பது, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருவது என்று இது பல வேடங்களில் வரும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளில் சிலர் அதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருப்பார்கள். "பையன் வாலு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம். படுக்கையை நனைப்பதற்காக அவனைத் திட்டியிருந்தால், இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. படுக்கை ஈரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். அடிக்கடி தண்ணீர் கேட்கிறான், உடம்பு இளைக்கிறான் என்றால் ரத்தத்தில் சர்க்கரையை அன்றே பார்க்க வேண்டும்.

மூன்று நாட்கள், விடிவதற்கு முந்தைய நேரத்தில், அதாவது நாலு மணி ஐந்து மணி வாக்கில், அவன் தூங்குவதைக் கைபேசியில் படம் எடுங்கள். கனவு வரும் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம், தசைகள் அப்போதுதான் மிகவும் தளர்ந்திருக்கும். சட்டையைத் திறந்து விட்டு, நெஞ்சும் முகமும் தெரியும்படி, சத்தம் கேட்கும்படி ஐந்து நிமிடம் எடுத்தால் போதும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, குறட்டை திடீரென்று நின்று, சற்று நேரம் கழித்து ஒரு திணறலோடு மறுபடி கேட்கிறதா என்று பாருங்கள். பகலில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தொண்டையைப் பார்ப்பதைவிட, தாய்மார்கள் இப்படிக் கொண்டுவரும் படங்கள் பல நேரங்களில் எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

மூச்சு உண்மையிலேயே தடைபடுகிறது என்றால், தொண்டை வலி வருடத்துக்கு எத்தனை முறை வந்தது என்ற கணக்கே தேவையில்லை. டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதற்கு அதுவே தனிக் காரணம். அந்த நிலையில் பன்னிரண்டு வயது வரை பொறுப்பது குழந்தையின் வளர்ச்சியோடு விளையாடுவதாகும். மூக்கடைப்பும் ஒவ்வாமையும் முக்கியக் காரணமாக இருந்து, தடை லேசாக இருந்தால், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரம் கொடுத்துப் பார்க்கலாம். எது என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்னறையில் கொலுசு பற்றவைக்கும் புகையும் அமில வாடையும் உள்ளறை வரை வருகிறதென்றால், பையன் படுக்கும் இடத்தைப் பின்பக்கம் மாற்றுங்கள். டான்சில் வீக்கத்துக்கு அந்தப் புகை நேரடிக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அடைத்த மூக்கை அது இன்னும் அடைக்கும்.

மலைக் குளிர் செய்த குற்றமா?

இப்போது தொண்டைக்கு வருவோம். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் அங்கே பனியும் குளிரும் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்கள் மகனுக்குக் காய்ச்சலைக் கொடுத்தது அந்தக் குளிர் இல்லை. டான்சில் அழற்சி என்பது கிருமியால் வரும் நோய். பெரும்பாலான நேரங்களில் வைரஸ், அதைவிடக் குறைவான நேரங்களில் பாக்டீரியா. பாக்டீரியாவில் முக்கியமானது 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அது தொண்டைக்குள் போய் நோயாக வெளிப்பட இரண்டிலிருந்து ஐந்து நாள் ஆகும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறிய மறுநாள் காய்ச்சல். அந்தக் கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தால், கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் பஸ் கடப்பதற்கு முன்பே அது பையனின் தொண்டையில் இருந்திருக்கிறது. விடுமுறைக்கு முந்தைய வாரம், நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில், பக்கத்துப் பையன் இருமியபோது, ஒரே தண்ணீர் பாட்டிலில் நாலு பேர் வாய் வைத்தபோது வந்திருக்கும். அதாவது சேலத்திலிருந்து அவன்தான் அதை மேலே கொண்டுபோயிருக்கிறான்! பாட்டி வீட்டில் குளிருக்காக ஜன்னலை அடைத்துவிட்டு, மாமா பிள்ளைகளோடு ஒரே கம்பளிக்குள் படுத்திருந்தால் அவர்களுக்கும் பரவியிருக்கலாம்.

ஐஸ்கிரீம், தயிர், கொய்யா, வாழைப்பழம் எதுவும் டான்சிலைப் பழுக்க வைப்பதில்லை. தொண்டை புண்ணாக இருக்கும் நாட்களில் குளிர்ச்சியான உணவு வலியைக் கொஞ்சம் மரக்க வைக்கும். வேறு எதையும் விழுங்க மறுக்கும் குழந்தைக்கு நானே ஐஸ்கிரீம் கொடுக்கச் சொல்வேன். பல மாதமாகத் தயிரையும் பழத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வளரும் பிள்ளைக்கு அதுதான் நஷ்டம். இன்றைக்கே திரும்பக் கொடுங்கள்.

உங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன்

கடிதத்தோடு தேதி போட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தீர்கள். அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், பத்தில் ஒரு தாய்கூட இப்படி எழுதி வைப்பதில்லை. ஜூன் முதல் மார்ச் வரை ஒன்பது முறை. ஆனால் அந்த ஒன்பதும் ஒரே நோய் இல்லை.

நான்கு வரிகளில் "மூக்கு ஒழுகல், இருமல், தொண்டை கரகரப்பு, மூன்று நாளில் சரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அவை சாதாரண வைரஸ் சளி. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை வரும். அதற்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. மீதி ஐந்தில் காய்ச்சல் இருந்திருக்கிறது. அந்த ஐந்தில் மூன்று முறை மருத்துவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு முறைதான் மருத்துவர் பார்த்து, "டான்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, காய்ச்சல் 102" என்று எழுதியிருக்கிறார். ஒன்பது என்று நீங்கள் நினைத்திருப்பது, மருத்துவக் குறிப்பாகப் பார்த்தால் இரண்டு.

வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டிலிருந்தே ஓரளவு ஊகிக்கலாம். இருமலும் மூக்கு ஒழுகலும் சேர்ந்து இருந்தால், குரல் கம்மியிருந்தால், பெரும்பாலும் வைரஸ். இருமலே இல்லாமல் திடீரென்று கடும் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெண்படிவு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி என்றால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்படிவு மட்டும் இருந்தால் போதாது, சில வைரஸ்களும் அதே மாதிரி படிவை உண்டாக்கும். சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே அதை எடுக்க வேண்டும்.

அசித்ரோமைசின் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. பழைய சீட்டு அன்றைய காய்ச்சலுக்கும் அன்றைய எடைக்கும் எழுதியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக்கு இன்றும் முதல் மருந்து பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின்தான். இத்தனை வருடம் பயன்படுத்தியும் அந்தக் கிருமி பெனிசிலினுக்கு மட்டும் பழகிக்கொள்ளவில்லை, அசித்ரோமைசினுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ள குழந்தைக்காக ஒதுக்கி வைக்க வேண்டிய மருந்தை, மூன்று நாள் சௌகரியத்துக்காக நாம் வீணடித்துக்கொண்டிருக்கிறோம். அமாக்சிசிலின் எழுதிக் கொடுத்தால் பத்து நாள் முழுக்கக் கொடுங்கள். மூன்றாம் நாள் பையன் ஓடி விளையாடத் தொடங்குவான். பாட்டிலில் பாதி மருந்து மீதி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் பத்து நாள் கணக்கு அறுந்துபோவது அந்த நாளில்தான்.

பாராசிட்டமால் சிரப் வாங்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் 250 மில்லிகிராம் உள்ளதும் பார்க்க ஒரே மாதிரி பாட்டிலில் வரும். "ஒரு மூடி" என்று அளந்தால் ஒன்றில் பாதி அளவாகவும் மற்றொன்றில் இரட்டிப்பாகவும் போய்விடும். எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

ஏ.எஸ்.ஓ. 400: இது நோயின் பெயரல்ல

அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தீர்கள் என்று எழுதியிருப்பதைப் படிக்க வருத்தமாக இருந்தது. ஏ.எஸ்.ஓ. என்பது, கடந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உடம்புக்குள் வந்து போனது என்பதற்கான அடையாளம். சுவரில் காய்ந்துபோன வெள்ளக் கறை மாதிரி. இப்போது தண்ணீர் நிற்கிறது என்று அது சொல்லாது. தொற்று வந்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சத்துக்குப் போய், பல மாதம் உயர்ந்தே இருக்கும். பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் வேறு எந்தக் குறையும் இல்லாமலேயே உயர்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அந்த எண்ணைக் குறைப்பதற்கென்று சிகிச்சை எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. மாதாமாதம் திரும்பத் திரும்பப் பரிசோதிக்காதீர்கள்.

21 நாளுக்கு ஒரு முறை போடும் பெனிசிலின் ஊசி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக்குப் பின்னால் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சல் ஒரு முறை வந்துவிட்டவர்களுக்கு, அது திரும்ப வந்து இதய வால்வைக் கெடுக்காமல் இருப்பதற்காக வருடக்கணக்கில் போடுவது. அவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து, ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது. உங்கள் மகனுக்கு அந்த நோய் வந்ததாக நீங்கள் எழுதிய எதிலும் இல்லை. தொண்டை வலி வந்து இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் என்று மூட்டு விட்டு மூட்டு வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, சில நேரம் பல மாதம் கழித்து கை கால் தானாகத் துள்ளுவது இவைதான் அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் உடனே குழந்தைகள் மருத்துவரிடம் சொல்லி இதயப் பரிசோதனை செய்யுங்கள். இல்லையென்றால், வெறும் எண்ணுக்காக ஊசி வேண்டாம். உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதற்கான தடுப்பு, உண்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வரும்போது ஒன்பது நாளுக்குள் சரியான மருந்தைத் தொடங்கி முழுதாகக் கொடுப்பதுதான்.

எப்போது எடுக்கலாம், எப்போது பொறுக்கலாம்

டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. ஏழு வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும். தொண்டை வலிக்காக மட்டும் எடுப்பதென்றால் உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவும் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கடந்த ஒரு வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடமாக வருடத்துக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடமாக வருடத்துக்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தொண்டை வலியோடு 101 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், வெண்படிவு, கழுத்து நெறி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உறுதியான பரிசோதனை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்து, அது குறிப்பாகவும் இருக்க வேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்றால், காலம் போகப் போக அறுவை செய்யாத பிள்ளைகளுக்கும் தொண்டை வலி குறைகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அறுவையால் முதல் இரண்டு வருடம் தெளிவான நன்மை கிடைக்கிறது. லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கிடைக்கும் நன்மை, மயக்க மருந்தையும் பத்து நாள் வலியையும் ஈடுகட்டும் அளவுக்கு இருப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ்க் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், பல மருந்துகள் ஒவ்வாமல் போனால், மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை கடிகாரம் வைத்தது போல் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் நெறியும் சேர்ந்து வந்து போனால், அங்கே கணக்கு வேறு.

உங்கள் மகன் தொண்டை வலிக்கான கணக்கில் இப்போது வரவில்லை. குறட்டைக் கணக்கில் வரக்கூடும். முதல் மருத்துவர் சொன்ன முடிவு சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் போதாது. இரண்டாமவர் சொன்ன பன்னிரண்டு வயது என்ற எல்லை எந்த விதியிலும் இல்லை.

மாமியாருக்கு என்ன சொல்லலாம்?

அவர் பேரன் மேல் உள்ள அக்கறையில் கேட்கிறார், மரியாதையாகவே பதில் சொல்லுங்கள். டான்சில் எதிர்ப்புச் சக்தியில் பங்கு வகிக்கும் சதைதான், அதில் அவர் சொல்வது சரி. அதே வேலையைச் செய்யும் சதை நாக்கின் அடியிலும் தொண்டையின் பின்சுவரிலும் உடம்பு முழுக்க நெறிகளிலும் இருக்கிறது. தேவை இருந்து எடுத்த பிள்ளைகள் எதிர்ப்புச் சக்தி இழந்து நிற்பதை நாங்கள் பார்ப்பதில்லை. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு மட்டும் அவருடைய வாதம் பொருந்தும். குரல் சில வாரம் மூக்கில் பேசுவது போல் இருக்கும், பிறகு சரியாகும். அண்ணத்தில் பிறவிக் குறை இருக்கிறதா என்பதை அடினாய்டு எடுப்பதற்கு முன் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் உள்நாக்கைத் தூக்கிவிடுவது வேண்டவே வேண்டாம். உள்நாக்கு என்பது நடுவில் தொங்குவது. டான்சில் அதன் இரு பக்கமும் இருப்பது. இரண்டும் வேறு வேறு. உப்பும் மிளகும் தொட்ட விரலால் பழுத்த தொண்டையை அழுத்தினால் புண்ணாகும், ரத்தம் வரும், உள்ளே சீழ்க் கட்டி இருந்தால் அது உடைந்து மூச்சுக்குழாயில் இறங்கும். கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சுண்ணாம்பு கொஞ்சம் கூடினாலும் குழந்தையின் தோல் வெந்துவிடும். அவருடைய கை வைத்தியத்தில் வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதும் தேன் கொடுப்பதும் எனக்கு முழுச் சம்மதம். அதைச் சொன்னால் அவருக்கும் மனம் குளிரும்.

அறுவை என்று முடிவானால்

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது சதையை எடுக்கும் முறை லேசரா, கோப்லேஷனா என்று கேட்பதற்கு முன், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா, இரவில் மருத்துவர் அங்கேயே தங்குவாரா என்று கேளுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, இந்த அறுவை அங்கு வழக்கமாக நடப்பதுதான். காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை, எந்த மருத்துவரும் அதற்காகக் கோபப்படக் கூடாது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதியிலேயே இருக்கிறது.

அறுவைக்குப் பின் தொண்டையில் வெள்ளையாக ஒரு படலம் வரும். சீழ் என்று பயப்படாதீர்கள், புண் ஆறும் விதம் அது. காது வலிக்கிறது என்பான். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் அப்படித் தெரிகிறது. வலிக்கு பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால்தான் வலி கூடும். நம் ஊர் ஜவ்வரிசிக் கஞ்சியை ஆறவைத்துக் கொடுங்கள், வழவழவென்று இறங்கிவிடும். தட்டுவடை செட், முறுக்கு, காரம் எதுவும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஆஸ்பிரினும், கோடீன் கலந்த இருமல் மருந்தும் குழந்தைக்குக் கூடவே கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் படலம் உரியும்போது, நூறு குழந்தைகளில் சுமார் மூன்று பேர் வரை ரத்தம் கசியலாம். எவ்வளவு குறைவாக வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அதனால் அறுவைக்குப் பின் இரண்டு வாரம் பையன் சேலத்திலேயே இருக்கட்டும். ஓய்வுக்கென்று ஏற்காட்டுக்கு அனுப்பிவிட்டு, நள்ளிரவில் வாயில் ரத்தத்தோடு அந்த வளைவுகளில் இறங்கி வரும் நிலை யாருக்கும் வேண்டாம்.

உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகள்

வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்காமல் வழிய விடுவது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல் குரல் மாறுவது, ஒரு பக்கம் மட்டும் வீங்குவது, மூச்சு இழுக்கும்போது சத்தம், ஒரு சொட்டு நீரும் இறங்காமல் சிறுநீர் குறைவது. சாம்பல் நிறப் படலம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, கழுத்து முழுக்க வீங்கினால் அது தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயாக இருக்கலாம். அதைத் தடுக்க ஐந்து வயதில் போட வேண்டிய முத்தடுப்பூசியைப் போட்டீர்களா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இந்த வாரம் ஒரு நோட்டு வாங்குங்கள். இனி ஒவ்வொரு முறையும் தேதி, தெர்மாமீட்டர் காட்டிய அளவு, இருமல் உண்டா இல்லையா, யார் பார்த்தார்கள், என்ன மருந்து, எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று எழுதுங்கள். டார்ச் வெளிச்சத்தில் தொண்டையை ஒரு படம் எடுத்து வையுங்கள். காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளில் மருத்துவரிடம் காட்டி, அவர் பார்த்ததை எழுதி வாங்குங்கள். நோட்டையும் அந்த மூன்று தூக்கப் படங்களையும் எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் தடை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள்.

மே மாதத்தில் அறுவை ஏதும் இல்லையென்றால், பையனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். சேலத்து வெயிலில் அடைந்து கிடப்பதற்கு, மலைக் காற்றில் ஓடி விளையாடட்டும். ஒரு தெர்மாமீட்டரும், அவனுக்கென்று தனித் தண்ணீர் பாட்டிலும் பையில் வையுங்கள். தயிர் சாதம் கேட்டால் பாட்டியைப் போடச் சொல்லுங்கள்.